தலைக்குக் கொடுத்த கதிர்

குழந்தைகளைத் தாக்கும் கடும் இரத்தப் புற்றுநோய் 1960 வரை ஏறத்தாழ எப்போதும் மரணத்தில்தான் முடிந்தது. 1948-இல் பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர், அமினோப்டெரின் என்னும் மருந்தால் நோயைச் சில மாதங்கள் அடக்கிக் காட்டினார். பின்னர் வேறு மருந்துகளும் வந்தன. இரத்தம் தூய்மையாகும், குழந்தை எழுந்து விளையாடும். திடீரென்று தலைவலி, வாந்தி! மூளையின் உறைகளில் பதுங்கியிருந்த புற்றணுக்கள் அங்கே பெருகியிருக்கும். நஞ்சு புகாதபடி மூளைக்கு இயற்கை அமைத்த தடுப்பு, மருந்தையும் அல்லவா தடுத்துவிட்டது!

அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில், 1962-இல் திறக்கப்பட்ட செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டொனால்டு பிங்க்கெல் இந்த மறைவிடத்தைக் குறிவைத்தார். முதலில் கொடுத்த குறைந்த அளவுக் கதிர் பயன்படவில்லை. 1967-இல் தொடங்கிய ஐந்தாவது ஆய்வில் தலைக்கு 2400 ராடு கதிர் செலுத்தி, தண்டுவட நீரில் மெதோட்ரெக்சேட் மருந்தையும் ஏற்றினார். குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் நிலையாகக் குணமடைந்தனர். மருத்துவ உலகம் வியந்ததில் வியப்பில்லை.

குணமடைந்த குழந்தைகள் பள்ளிக்குப் போனார்கள். அங்கேதான் மறுபக்கம் தெரிந்தது. சிலருக்குக் கணக்கு வரவில்லை, கவனம் நிலைக்கவில்லை, சிலர் உயரமாக வளரவில்லை. வளரும் மூளையில் நரம்பிழைகளைச் சுற்றி மயலின் உறை படிந்துகொண்டிருக்கும். கதிர் அதனைக் கெடுக்கிறது. வளர்ச்சி ஹார்மோன் சுரப்பதையும் குறைக்கிறது. வயது குறையக் குறையக் கேடு மிகுதி. வேறு சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து மூளையில் புதிய கட்டிகளே தோன்றின. இவற்றையெல்லாம் முன்கூட்டியே கண்டிருக்க முடியுமா? முடியாது என்றே கருதுகிறேன். அதற்குமுன் ஆராய்வதற்கு, பிழைத்து வளர்ந்த குழந்தைகள் இருந்தால்தானே!

குணமாக்கினால் மட்டும் போதாது என்று 1975-இல் ஜூலியோ டாஞ்சியோ என்னும் மருத்துவர் எழுதினார். அதன்பின் கதிரின் அளவு 1800 ராடாகக் குறைந்தது. மருந்துகளைக் கொண்டே மூளையைக் காக்கும் முறைகளும் வளர்ந்தன. 2000-இல் அதே செயின்ட் ஜூட்டில் தொடங்கிய ஆய்வில் முற்காப்புக்கென எந்தக் குழந்தையின் தலைக்கும் கதிர் கொடுக்கவில்லை. ஐந்தாண்டுகளுக்குப் பின் நூற்றுக்கு 93 பேர் உயிருடன் இருந்தனர்.

ஆனால் முன்பே கதிர் பெற்றவர்கள் இருக்கிறார்களே? அவர்களையும் பிற புற்றுநோய்களிலிருந்து மீண்டவர்களையும் மருத்துவமனைக்கு மீண்டும் அழைத்துச் சோதிக்கும் நெடுங்கால ஆய்வை 2007-இல் செயின்ட் ஜூட் தொடங்கியது. நினைவாற்றல், இதயம், எலும்பு, ஹார்மோன் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். வருவோரில் தலை நரைத்தவர்களும் உண்டு.