கொசுவை அழைக்கும் வாசனை: ஆய்வகத்தில் எப்படிச் சோதிக்கிறார்கள்?

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2023ஆம் ஆண்டில் மலேரியாவுக்குப் பலியானோர் ஏறத்தாழ 5,97,000 பேர். இவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். கொசுவலையும் பூச்சிக்கொல்லியும் பல உயிர்களைக் காத்து வருகின்றன. ஆனால் பூச்சிக்கொல்லிக்குச் சாகாத கொசுக்களும் பெருகி வருகின்றன. அதனால்தான், கொசுவை விரட்டுவதற்குப் பதிலாக வரவழைத்துப் பொறியில் பிடிக்கும் வழியை ஆய்வாளர்கள் தேடுகின்றனர்.

நம்மைக் கடிப்பவை பெண் கொசுக்கள் மட்டுமே. முட்டை வளர்ச்சிக்கு அவற்றுக்கு இரத்தம் தேவை. இருட்டில் அவை நம்மைக் கண்டறிய உதவுவது, நாம் வெளியிடும் மூச்சுக்காற்றும் உடல் வாசனையும். மனிதத் தோலிலிருந்து கிடைக்கும் லாக்டிக் அமிலம் ஏடிஸ் கொசுவை ஈர்க்கிறது என்பது 1968இல் தெரியவந்தது. ஆனால், அது தனித்து நின்று பெரிதாக எதையும் செய்வதில்லை. கார்பன் டை ஆக்சைடுடன் சேரும்போதுதான் வலுப்பெறுகிறது.

இத்தகைய பொருட்களைச் சோதிக்கும் கருவிக்கு ஆல்ஃபாக்டோமீட்டர் என்று பெயர். இரு கிளைகளாகப் பிரியும் குழாய் போன்றது அது. ஒரு கிளையிலிருந்து சோதிக்கப்படும் வாசனை கலந்த காற்று வரும். மற்றதிலிருந்து வெறும் காற்று வரும். இதுவரை இரத்தம் குடிக்காத, ஏறத்தாழ ஒரே வயதுடைய பெண் கொசுக்களை மறுமுனையில் விடுவார்கள். எந்தப் பக்கம் எத்தனை சென்றன என்று எண்ணுவார்கள். பிறகு இரு பக்கங்களையும் மாற்றி வைத்து மீண்டும் சோதிப்பார்கள். இல்லாவிட்டால், கொசு வாசனையைத் தேடிப் போனதா, வெளிச்சத்தாலோ பழக்கத்தாலோ அந்தப் பக்கம் போனதா என்று சொல்ல முடியாது. வெப்பமும் ஈரப்பதமும் மாறாமல் இருக்க வேண்டும். அளவும் முக்கியம்: குறைந்த அளவில் ஈர்க்கும் பொருளே, கூடினால் விரட்டவும் கூடும்.

நெதர்லாந்தின் பார்ட் நோல்ஸ், மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் காம்பியே கொசு மனிதனின் பாதங்களையும் கணுக்கால்களையும் அதிகம் நாடுவதைக் கவனித்தார். பாத நாற்றத்தை ஒத்த லிம்பர்கர் பாலாடைக் கட்டியைச் சோதித்தபோது, கொசுக்கள் அதையும் தேடி வந்தன. 1996இல் வெளியான இந்த முடிவைக் கேட்டுப் பலர் சிரித்தனர். சிரிக்க வைத்துப் பின் சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசும் 2006இல் அதற்குக் கிடைத்தது. ஆனால், மனித வாசனையைச் செயற்கையாக உருவாக்கலாம் என்ற நம்பிக்கைக்கு அது வலுச் சேர்த்தது.

ஆய்வகத்தில் வென்றது வெளியிலும் வெல்லும் என்று சொல்ல முடியாது. அதனால் அடுத்து வலையடித்த பெரிய கூடங்களிலும், பின்னர் ஊர்களிலும் சோதிப்பார்கள். கென்யாவில் விக்டோரியா ஏரியிலுள்ள ருசிங்கா தீவில், 4,000க்கும் மேற்பட்ட வீடுகளில் சூரிய மின்சாரத்தில் இயங்கும் வாசனைப் பொறிகள் வைக்கப்பட்டன. அம்மோனியா, லாக்டிக் அமிலம் உள்ளிட்ட ஐந்து பொருட்களின் கலவையும், கார்பன் டை ஆக்சைடுக்கு மாற்றாக 2-பியூட்டனோனும் அவற்றில் பயன்பட்டன. 2016இல் வெளியான முடிவின்படி, பொறி வைத்த பகுதிகளில் மலேரியாத் தொற்று சுமார் 30% குறைவாக இருந்தது. அனோபிலிஸ் பியூனெஸ்டஸ் கொசுக்களின் எண்ணிக்கை 69% குறைவாக இருந்தது.

இந்தப் பொறிகள் கொசுவலைக்கு மாற்றாக வைக்கப்பட்டவை அல்ல. வலையோடும் சிகிச்சையோடும் சேர்த்தே பயன்பட்டன. ஓர் இனத்தை ஈர்க்கும் கலவை இன்னோர் இனத்தை ஈர்க்காமலும் போகலாம். எனவே, "கொசுவை ஈர்த்துக் கொல்லும்" என்ற விளம்பரத்துடன் ஒரு கருவி விற்பனைக்கு வந்தால், எந்தக் கொசுவிடம், எங்கே சோதிக்கப்பட்டது என்று முதலில் கேளுங்கள். ஈர்த்துவிட்டுப் பிடிக்காத பொறி, கொசுவை வீட்டுக்கு அழைத்து வந்த பொறியாகிவிடும்.