காதின் வழியே ஆங்கிலம்

நம் நாட்டில் ஆங்கிலம் நெடுங்காலம் கண்ணின் வழியே புகுந்த மொழி. 1835-ஆம் ஆண்டு மெக்காலே தமது குறிப்பை எழுதினார். 1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் தோன்றின. அவை நடத்திய தேர்வுகள் பெரும்பாலும் எழுத்துத் தேர்வுகளே. ஆகவே மில்ட்டனுக்கு விளக்கம் எழுத வல்லவராயினும், துரையின் முன் நின்று இரண்டு வாக்கியம் பேச நா எழாத பட்டதாரிகள் ஊர்தோறும் இருந்தனர். இதை அவர்கள் குற்றமென்று சொல்வதற்கில்லை. ஆங்கில எழுத்து ஒலியைக் காட்டிக் கொடுப்பதில்லை அன்றோ? ஓ, யூ, ஜீ, எச் என்னும் நான்கு எழுத்துக்களும் சேர்ந்து ஒரு சொல்லில் ‘அஃப்’ என்றும், இன்னொன்றில் ‘ஓ’ என்றும், மற்றொன்றில் ‘ஊ’ என்றும் ஒலிக்கின்றன. ஒருவர் வாயிலிருந்து கேட்டாலன்றி இந்த மருமம் துலங்காது. சிற்றூர்ப் பிள்ளைக்கு அந்த வாய் எங்கே கிடைக்கும்? கோப்புகளை மொழிபெயர்த்துப் பிழைக்கும் நம் போன்றோர்க்கே ஆங்கிலச் சொற்கள் பல கண்ணளவில்தான் அறிமுகம்.

அந்த வாயை ஓர் இயந்திரம் தரக்கூடும் என்னும் எண்ணம் இயந்திரத்தோடு கூடவே பிறந்தது. எடிசன் 1877-இல் பேசும் கருவியைக் கண்டுபிடித்தார். மறு ஆண்டே அக்கருவி எவற்றிற்கெல்லாம் பயன்படும் என்று ஒரு பட்டியல் வெளியிட்டார். பாட்டு, பொம்மை, கடிகாரம் ஆகியவற்றோடு, பேச்சைத் திருத்தமாகப் பயிற்றுவதும், மொழிகளை அவற்றின் உச்சரிப்போடு காப்பதும் அதில் இடம் பெற்றிருந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஸ்கிராண்டன் நகரத்து அஞ்சல்வழிக் கல்விக்கூடம் ஒன்று, பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிய மொழிகளை மெழுகு உருளைகளில் பதிந்து மாணவர்களுக்கு அனுப்பிற்று. மாணவன் பாடத்தைக் கேட்பான். பிறகு வெற்று உருளை ஒன்றில் தன் குரலையே பதிந்து தபாலில் திருப்பி அனுப்புவான். ஆசிரியர் அதைக் கேட்டுத் திருத்துவார். இந்த ஏற்பாட்டை நேயர்கள் சற்று நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும். கற்பவனின் குரலும் ஆசிரியரின் காதுக்கு எட்ட வேண்டும் என்ற கவலை, பின்னர் வந்த பெரிய பெரிய சாதனங்களில் பலவற்றுக்கு இருக்கவில்லை.

இலண்டனில் 1901-இல் லிங்குவாபோன் நிறுவனம் தொடங்கப்பெற்றது. தொடங்கிய ழாக் ராஸ்டன் என்பவர் மொழிபெயர்ப்பாளர் என்பதில் நமக்குச் சிறிது பெருமை உண்டு. பெட்டி நிறைய இசைத்தட்டுகள், உடன் ஒரு புத்தகம் என்னும் அவருடைய முறை உலகெங்கும் பரவிற்று. 1927-இல் அந்நிறுவனத்துக்காகப் பெர்னார்டு ஷாவே இசைத்தட்டில் பேசினார். நல்ல ஆங்கிலம் எது என்று கேட்க வந்தவர்களிடம், அப்படி ஒரே ஓர் ஆங்கிலம் கிடையாது என்று அவர் கைவிரித்துவிட்டார்! தட்டு சுழலும் வேகம் தவறினால் கேட்பது தம் குரலே அன்று என்றும் எச்சரித்தார். இயந்திரத்தின் குணமறிந்த பேச்சு அது.

இசைத்தட்டு காசுள்ளவர் வீட்டுக்குப் போயிற்று. காசில்லாதவர் காதுக்கு எட்டியது வானொலியே. பி.பி.சி. 1943-இல், போர் நடக்கும்போதே, வானொலி வழி ஆங்கிலப் பாடங்களைத் தொடங்கிற்று. 1959-இல் அமெரிக்கக் குரல் வேறொரு வழி கண்டது. ஏறத்தாழ 1,500 சொற்களுக்குள் செய்தியை அடக்கி, சிறு சிறு வாக்கியங்களாக, வழக்கத்தினும் மெதுவாக வாசித்தது. நம் நாட்டிலோ, பாடம் என்று பெயரிடாத நிகழ்ச்சிகளே பெரும் பள்ளியாக அமைந்தன. 1948-இல் காந்தியடிகளின் இறுதி ஊர்வலத்தைச் சுமார் ஏழு மணி நேரம் ஆங்கிலத்தில் வருணித்த மெல்வில் டி மெல்லோவின் குரலை யார் மறப்பார்? அத்தகைய குரல்களைக் கேட்டு, வாய்க்குள் முணுமுணுத்துப் பழகியோர் பலர். அவர்களுக்கு முன்மாதிரியாய் நின்றவர் இலண்டன்வாசியல்லர், இந்தியரே. இதனை நாம் நல்வாய்ப்பு என்றே கருதுகிறோம்.

எனினும் வானொலிக்கு ஒரு குறை இருந்தது. அது பேசும், கேளாது. அது மட்டுமா? காத்திருக்கவும் அறியாது. பிள்ளை வாய் திறப்பதற்குள் அறிவிப்பாளர் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுவார்.

ஆசிரியர்களைப் பழக்கிவிட்டால் போதும் என்று எண்ணியவர்களும் உண்டு. 1950-களின் இறுதியில் சென்னை மாநிலத்தில் ஒரு பெருமுயற்சி நடந்தது. தேர்ந்த ஆசிரியர் சிலருக்குப் பயிற்சி தருவது, அவர்கள் வேறு பலருக்குத் தருவது, அவர்கள் இன்னும் பலருக்குத் தருவது என்று பனி உருண்டை போல் அது பெருகிற்று. ஆனால் கைமாறும்தோறும் உச்சரிப்பும் முறையும் சிறிது தேய்வது இயல்புதானே? 1958-இல் ஐதராபாத்தில் மத்திய ஆங்கில நிறுவனம் எழுந்தது. 2007-இல் அது மத்தியப் பல்கலைக்கழகமாயிற்று. ஒலிப்பதிவு நாடாவும், தலையில் மாட்டும் ஒலிக்கருவியும், தடுப்பு வைத்த மேசைகளும் கொண்ட மொழிக்கூடங்களும் கல்லூரிகளுக்கு வந்தன. அவற்றில் மாணவன் தன் குரலைத் தானே கேட்கலாம். நல்ல சாதனந்தான். ஆனால் நாடா அறுந்தால் ஒட்டவும், கருவி பழுதுபட்டால் செப்பனிடவும் ஆள் வேண்டும். ஓராசிரியர் பள்ளிக்கு அது எங்கே போகும்?

இதற்கு விடை ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. கென்யா நாட்டுக் கிராமப் பள்ளிகளில் முதல் மூன்று வகுப்புகள் தாய்மொழியில் நடக்கும். நான்காம் வகுப்பிலிருந்து எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில். மூன்று ஆண்டுகளுக்குள் ஆங்கிலம் காதில் ஏறாத பிள்ளைக்குக் கணக்கும் போயிற்று, பூகோளமும் போயிற்று. படிப்பே முடிந்தது எனலாம். 1980-களின் முற்பகுதியில் அங்கே இவ்வகுப்புகளுக்கென நாள்தோறும் அரைமணி நேரப் பாடங்கள் ஒலிபரப்பாயின. 1974-இல் நிகராகுவாவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் தொடங்கிய வானொலிக் கணிதப் பாடங்களே அவற்றுக்கு வழிகாட்டி.

அப்பாடங்களின் புதுமை குரலில் இல்லை. குரல் நிற்கும் இடத்தில் இருந்தது. வானொலி ஒரு கேள்வி கேட்கும். பிறகு சில வினாடி மௌனம். அம்மௌனத்தில் வகுப்பு முழுவதும் உரக்க விடை சொல்லும். உடனே வானொலி சரியான விடையைச் சொல்லும். தவறாகச் சொன்ன பிள்ளை, எவரும் தலையில் குட்டாமலே, தன் பிழையை அறிந்து கொள்ளும். எழுந்து நில், கதவைத் தொடு, பக்கத்திலிருப்பவனிடம் கேள் என்று ஏவல்கள் வரும். ஆசிரியரும் எப்போது யாரை அழைக்க வேண்டும் என்று வானொலியே சொல்லும். பாடங்களை முதலில் வகுப்பறையில் சோதித்துப் பார்த்தார்கள். பிள்ளைகள் விடை சொல்லி முடிக்கவில்லையா? இடைவெளியை நீட்டினார்கள். முன்பே முடித்துச் சலிக்கிறார்களா? குறைத்தார்கள். வானொலியில் பணிபுரிவோர்க்கு இது எவ்வளவு கடினம் என்பதை நேயர்கள் அறியமாட்டார்கள். நிலையத்தில் நான்கு வினாடி ஓசை நின்றால் பொறியியலாளர் பதறி ஓடுவார். அந்த ஊமை நேரத்தையே பாடத்தின் உயிராக்கியவர்களின் துணிவு பெரிது. இப்பாடங்களைக் கேட்ட வகுப்புகள், கேளாத வகுப்புகளைவிட ஆங்கிலத்தில் மேம்பட்டு நின்றன. பின்னர் லெசோதோ நாடும் இவற்றைத் தனக்கேற்பத் திருத்தி ஏற்றுக்கொண்டது.

நம் நாட்டிலும் இம்முறை வேரூன்றிற்று. பூனாவிலுள்ள கற்றல் வளங்களுக்கான மையம், மராத்தி வழிப் பள்ளிகளுக்காக இத்தகைய ஆங்கில வானொலிப் பாடங்களை உருவாக்கியது. ஆசிரியரே ஆங்கிலம் பேசக் கூசும் வகுப்பில், பிள்ளைகளோடு அவரும் சேர்ந்து விடை சொல்ல இவை இடமளித்தன. கற்பவர் இருவர், கருவி ஒன்று! 2000-க்குப் பின் வேறு பல மாநிலங்களிலும் இதுபோன்ற பாடங்கள் ஒலித்தன.

2020-இல் கொள்ளைநோயால் பள்ளிகள் அடைபட்டபோது, வானொலியும் தூரதர்சனும் மீண்டும் வகுப்பறைகளாயின. அதே காலத்தில் கைப்பேசிகள் நாட்டில் நிறைந்திருந்தன. அவை இப்போது மாணவன் குரலைக் கேட்டு, பிழையான ஒலியைச் சுட்டியும் காட்டுகின்றன. ஸ்கிராண்டனுக்கு உருளை அனுப்பியவன் தபாலுக்குக் காத்திருந்து பெற்ற திருத்தம் நொடியில் வருகிறது. ஆயினும் யாருடைய குரலை அளவுகோலாகக் கொண்டு அது திருத்துகிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது. ஷா இருந்திருந்தால் அதைத்தான் முதலில் கேட்டிருப்பார். மேலும், கைப்பேசியின் முன் ஒரு பிள்ளைதான் உட்கார முடியும். நாற்பது பிள்ளைகளும் ஓர் ஆசிரியரும் உள்ள அறையில், மேசைமேல் ஒரு வானொலிப் பெட்டி கேள்வி கேட்டுவிட்டு நிற்க, நாற்பது வாய்களும் ஒருங்கே திறக்கின்றன.