காங்கேசன்துறை: ஆசனமும் சனமும்

எங்கட மயிலிட்டி காங்கேசன்துறைத் தொகுதிக்குள்தான் வரும். 1947இல் செல்வநாயகத்தைத் தெரிவுசெய்த தொகுதி, 1952இல் ஐக்கிய தேசியக் கட்சியின் சு. நடேசபிள்ளையிடம் அவரைத் தோற்கடித்தது. 1956இல் திரும்பவும் அவரையே எடுத்தது. ஆக, இது ஆருக்கும் எழுதிவைச்ச ஆசனம் இல்லை.

1972இல் புதிய குடியரசு யாப்பை எதிர்த்து அவர் பதவி துறந்தார். இடைத்தேர்தலை அரசு 1975 பெப்ரவரி வரை இழுத்தடித்தது. கம்யூனிஸ்ட் வேட்பாளர் வி. பொன்னம்பலத்தை 16,470 வாக்குகளால் வென்றார்.

1977இல் வென்றவர் அமிர்தலிங்கம். 1989இலிருந்து விகிதாசாரம், தொகுதிக்கெண்டு தனி எம்.பி. இல்லை. 1990இல் மயிலிட்டிச் சனமே இடம்பெயர்ந்தது. துறைமுகம் விடுவிக்கப்பட்டது 2017இல்தான். ஆசனமும் போய், ஊரும் போனால், தொகுதி எண்டு மிஞ்சுவது என்ன?