நிலத்தடி நீரை வானிலிருந்து எடை போட்ட கதை

கிணற்றில் நீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அறியக் கயிற்றில் கல்லைக் கட்டி விட்டுப் பார்க்கிறோம். ஒரு கிணற்றுக்கு இது போதும். மூன்று மாநிலங்களின் அடியில் உள்ள நீர் முழுவதிலும் ஏற்படும் குறைவை எப்படி அளப்பது? அதை எடை போட்டே அறியலாம் என்றால் நம்புவீர்களா?

இக்கதை ஒரு கடிகாரத்தில் தொடங்குகிறது. 1672-இல் ழான் ரீச்சர் என்ற பிரெஞ்சு வானியலார் தென் அமெரிக்காவில் நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள கயேனுக்குச் சென்றார். பாரிசில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் அங்கே நாளொன்றுக்கு ஏறத்தாழ 2½ நிமிடம் பின்தங்கியது. புவியீர்ப்பு எங்கும் ஒரே அளவாக இல்லை என்பதை அத்தாமதம் உணர்த்தியது. புவி நடுவில் பருத்தும் துருவங்களில் தட்டையாகவும் உள்ளது என்று நியூட்டன் இதற்கு விளக்கம் தந்தார்.

1957-க்குப் பின் செயற்கைக்கோள்களின் பாதையைக் கொண்டே புவியீர்ப்பை ஆராய முடிந்தது. ஒரே பாதையில் இரண்டு கோள்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்தி, அவற்றின் இடைவெளியை அளக்கலாம் என்று 1969-இல் மைலோ உல்ஃப் என்பவர் எழுதினார். அவ்வெண்ணம் கைகூட 33 ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவும் ஜெர்மனியும் இணைந்து 2002 மார்ச் 17-இல் 'கிரேஸ்' என்னும் இரட்டைக் கோள்களை ஏவின.

மிதிக்காமலே உருண்டு செல்லும் இரண்டு மிதிவண்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். சாலையில் ஒரு பள்ளம் வருகிறது. முன்வண்டி முதலில் இறங்கி வேகம் பெறும், இடைவெளி கூடும். பின்வண்டி இறங்கும்போது முன்வண்டி மேடேறுவதால் இடைவெளி குறையும். நிறை மிகுந்த பகுதியைக் கடக்கும்போது கிரேஸ் கோள்களுக்கும் இதுவே நிகழ்ந்தது. சுமார் 220 கி.மீ. இடைவெளியில், தலைமயிரின் பருமனைவிடச் சிறிய மாற்றத்தையும் அவை நுண்ணலைகளால் அளந்தன.

மலைகள் மாதத்துக்கு மாதம் இடம் மாறுவதில்லை, நீர் மாறுகிறது. எனவே ஒரு மாத ஈர்ப்புப் படத்துக்கும் மறு மாதப் படத்துக்கும் உள்ள வேறுபாடு, பெரும்பாலும் நீரின் கணக்கேயாகும். காற்று, கடல் ஆகியவற்றின் பங்கை முன்பே கழித்துவிடுவர். பிறகு மண்ணின் ஈரம், பனி, ஏரி நீர் ஆகியவற்றையும் கழித்தால் எஞ்சுவது நிலத்தடி நீர்.

மேத்யூ ரோடெல் குழுவினர் 2009-இல் வெளியிட்ட முடிவு நம் நாட்டைப் பற்றியது. ராஜஸ்தான், பஞ்சாப், டில்லி உட்பட ஹரியானா ஆகிய பகுதிகளில் ஆண்டுக்குச் சுமார் 4 செ.மீ. உயர நிலத்தடி நீர் குறைந்திருந்தது. 4 செ.மீ. தானே என்று எண்ணாதீர்கள்! நீர் தங்குவது மண்ணின் துளைகளில்தான். கன அளவில் 12 விழுக்காடே நீரைத் தரும் மண் எனக் கொண்டால், கிணற்று மட்டம் ஆண்டுக்கு 33 செ.மீ., அதாவது ஓர் அடிக்கும் மேல் இறங்கும். 2002 ஆகஸ்டு முதல் 2008 அக்டோபர் வரை இழந்த நீர் 109 கன கிலோமீட்டர். பக்ரா அணையை ஏறத்தாழ பன்னிரண்டு முறை நிரப்பலாம்!

அந்த ஆண்டுகளில் மழை பெரிதாகப் பொய்க்கவில்லை என்பதே கவனிக்கத்தக்கது. மழை நிரப்புவதைவிட மிகுதியாக, பாசனத்துக்கென நீர் இறைக்கப்பட்டதே முக்கியக் காரணம் என்று ஆய்வாளர் முடிவு செய்தனர். 2009-இல் பஞ்சாபும் ஹரியானாவும் கோடையின் கடும் வெப்பத்தில் நெல் நடுவதைத் தடுக்கச் சட்டம் இயற்றின.

கிரேஸின் பணி 2017-இல் முடிந்தது. 2018 மே 22-இல் அதே முறையில் மற்றோர் இணை ஏவப்பட்டது. ஆனால், உங்கள் ஊர்க் கிணற்றை இத்தராசு தனியே காட்டாது. பல நூறு கி.மீ. அகன்ற பரப்புகளையே அது எடை போடும். ஆகவே கயிறும் கல்லும் இன்னும் தேவைதான். வானத்துத் தராசு பெருங்கணக்கைச் சொல்கிறது; அதில் செலவைக் குறைக்க வேண்டியவர் நிலத்தில் நிற்கும் நாம்தாம்.