கையசைக்க ஒரு மாடம்

தேர்வுக் காலம் வந்தால் தெம்பனிஸ், பிடோக் பக்கத்துப் பிள்ளைகள் பலர் படிக்கப் போகும் இடம் சாங்கி விமான நிலையம். குளிர்சாதனம் இருக்கிறது, கழிப்பறை சுத்தமாக இருக்கிறது, நடுராத்திரியிலும் கோப்பி கிடைக்கும். 2018 நவம்பரில் நானும் அப்படித்தான் இரண்டாம் முனையத்தின் ஒரு மூலையில் தெர்மோடைனமிக்ஸ் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இருக்கையில் ஓர் அண்ணன். காலடியில் நைலான் கயிறு கட்டிய அட்டைப்பெட்டி.

“தமிழா தம்பி? எனக்குத் திருச்சி ஃபிளைட்டு, காலையிலதான். லாரி இப்பவே கொண்டாந்து விட்ருச்சு.”

நான்கு வருடம் கழித்து ஊருக்குப் போகிறாராம். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுக் கேட்டார், “இங்க பிளேனு கெளம்புறத எங்க நின்னு பாக்கலாம்?”

மூன்றாம் மாடியில் இருந்த பார்வையாளர் பகுதிக்குக் கூட்டிப் போனேன். இரவு நேரம் என்பதால் கண்ணாடியில் எங்கள் முகங்கள்தான் முதலில் தெரிந்தன. நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டவைத்துப் பார்த்தால் மட்டும் தூரத்தில் விளக்குகள் நகர்வது தெரியும். “வரும்போது ஏறுனேன்ல, ஏதோ குழாய்க்குள்ள நடந்து போயி உக்காந்த மாதிரி இருந்துச்சு. பிளேன முழுசா பாக்கவே இல்ல,” என்றார்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அம்மா சிரிக்கவில்லை. “எங்க காலத்துல பாய லேபார்ல மொட்டைமாடி மாதிரி ஒண்ணு இருக்கும். அங்க நின்னா எல்லாம் தெரியும்,” என்றார். 1978இல் தாத்தாவின் தம்பி ஊரோடு போய்விடுவதென்று கிளம்பியபோது அம்மாவுக்குப் பன்னிரண்டு வயது. பக்கத்து வீட்டுக்காரர்கள் உட்பட இருபது பேர் வழியனுப்பப் போயிருக்கிறார்கள். சின்னத் தாத்தா படிக்கட்டில் ஏறி, மேல்படியில் ஒரு கணம் திரும்பிக் கையை உயர்த்தினாராம். “முகம் தெரியல. வெள்ளைச் சட்டை தெரிஞ்சுச்சு. என்னைப் பாத்துதான் கையசைச்சாருன்னு நெனச்சுக்கிட்டேன்.” அவர் பிறகு சிங்கப்பூருக்கு வரவே இல்லை.

அந்த மொட்டைமாடி எங்கே போனது? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு சிங்கப்பூரின் விமான நிலையங்களைப் பார்த்தால் வேறொரு வரலாறு கிடைக்கிறது: பறக்காதவர்கள் எங்கே நின்றார்கள் என்ற வரலாறு.

1937 ஜூன் 12ஆம் தேதி காலாங் விமான நிலையம் திறக்கப்பட்டது. சதுப்பு நிலத்தைத் தூர்த்து உருவாக்கிய இடம். வட்டமான புல்தரையில் விமானங்கள் இறங்கின. பக்கத்து நீர்ப்பரப்பில் கடல் விமானங்கள் இறங்கின. முனையக் கட்டடத்தை வடிவமைத்தவர் பொதுப்பணித் துறையின் தலைமைக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் டோரிங்டன் வார்டு. நடுவில் கண்ணாடிக் கட்டுப்பாட்டுக் கோபுரம், இரண்டு பக்கமும் திறந்தவெளிப் பார்வை மாடங்கள். விமானத்தில் போகும் வசதி மிகச் சிலருக்கே இருந்த காலம் அது. அப்போதே வேடிக்கை பார்ப்பவர்களுக்கும் வரைபடத்தில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தக் கட்டடம் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக இன்னும் நிற்கிறது. ஓல்டு ஏர்போர்ட் ரோட்டில் சாப்பிடப் போகும்போது, அந்தப் பெயரில் உள்ள விமான நிலையம் இதுதான்.

அக்காலத்தில் நம்மவர்களில் பெரும்பாலோருக்கு வழியனுப்பும் இடம் துறைமுகம். ரஜூலா கப்பல், அதற்குப் பிறகு சிதம்பரம் கப்பல். கப்பல் மெதுவாக விலகும், ஆட்கள் சிறுத்துப் போகும்வரை பார்த்துக்கொண்டிருக்கலாம். 1985 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்தது. சென்னைக்கும் நமக்கும் இடையிலான கப்பல் பயணம் அத்தோடு நின்றுபோனது. அதற்கு முன்பே கொஞ்சம் கொஞ்சமாக விமானத்துக்கு மாறிக்கொண்டிருந்த கூட்டம், துறைமுகத்தின் பழக்கங்களையும் கையோடு கொண்டுவந்தது. ஒருவர் பயணம் போவார், இருபது பேர் கிளம்பி வருவார்கள்.

1955 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பாய லேபார் விமான நிலையம் இந்த வழக்கத்துக்குப் பொருத்தமாக இருந்தது. பயணி கட்டடத்தைவிட்டு வெளியே வந்து, வெயிலிலோ மழையிலோ தார்த்தரையைக் கடந்து படிக்கட்டில் ஏறவேண்டும். பயணிக்கு அது சிரமம். மாடத்தில் நிற்பவருக்கு அதுதான் கடைசித் தரிசனம். ஞாயிற்றுக்கிழமைகளில் யாரையும் அனுப்ப வேண்டிய அவசியமே இல்லாமல் சும்மா விமானம் பார்க்கப் போன குடும்பங்களும் உண்டு. பெரும்பாலும் செலவில்லாத உல்லாசப் பயணம்.

1970இல் 17 லட்சமாக இருந்த பயணிகள் எண்ணிக்கை 1975இல் 40 லட்சமானது. 1973இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு போயிங் 747 வந்தது. பாய லேபாரைச் சுற்றிக் குடியிருப்புகள். விரிக்க இடமில்லை, இரைச்சல் வேறு. 1975இல் சாங்கிக்கு மாறுவதென்று அரசாங்கம் முடிவெடுத்தது. கடலைத் தூர்த்து நிலம் எடுத்தார்கள். 1981 ஜூலை 1ஆம் தேதி முதல் முனையம் செயல்படத் தொடங்கியது.

இங்கேதான் ஒரு பொறியியல் மாற்றம் நடந்தது. முனையத்திலிருந்து நேரே விமானக் கதவுவரை நீளும் ஏரோபிரிட்ஜ். இயந்திரமாகப் பார்த்தால் எனக்கு அது மிகவும் பிடிக்கும். ஒன்றுக்குள் ஒன்று நழுவும் சுரங்கப்பாதைகள், கீழே சக்கரங்கள், விமானத்தின் உயரத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் வசதி. மழையில் யாரும் நனைவதில்லை, சக்கர நாற்காலியும் எளிதாகப் போகிறது, ஒரு பெரிய விமானத்தின் கூட்டத்தைச் சீக்கிரம் ஏற்றிவிடலாம். இதையெல்லாம் வேண்டாம் என்று எந்தப் பொறியாளரும் சொல்லமாட்டார். நானும் சொல்லமாட்டேன். ஆனால் மேல்படியும், அதில் திரும்பி நின்ற வெள்ளைச் சட்டையும் அந்தக் குழாய்க்குள் மறைந்துவிட்டன. சாங்கியிலும் பார்வைப் பகுதிகள் இருந்தன. அங்கிருந்து விமானத்தைப் பார்க்கலாம், ஆளைப் பார்க்க முடியாது. விமானக் கடத்தல் பயம் உலகமெங்கும் பரவியிருந்த காலம் என்பதால் கண்ணாடியும் தடுப்பும் எல்லா ஊர் விமான நிலையங்களிலும் பெருகின.

சாங்கி இதற்கு ஈடாக வேறொன்றைக் கொடுத்தது. முதல் முனையத்தில் சரங்கள் வழியே நீர் வழிந்திறங்கும் நீரூற்று வைத்தார்கள். 2002இல் எம்ஆர்டி நிலையம் வந்தபின், கார் இல்லாதவர்களும் நினைத்த நேரத்தில் போகலாம் என்றானது. 2012இல் முதல் முனையத்தில் 1,216 உலோகத் துளிகள் ஏறி இறங்கி ஆடும் ‘கைனடிக் ரெயின்’ வந்தது. 2019 ஏப்ரலில், முதல் முனையத்தின் கார் நிறுத்துமிடம் இருந்த இடத்தில், மோஷே சஃப்டி வடிவமைத்த ஜுவல் திறந்தது. 40 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அருவியைப் பார்க்க போர்டிங் பாஸ் தேவையில்லை. 2020இல் விமானங்கள் நின்று இரண்டாம், நான்காம் முனையங்களை மூடியபோது, ஆண்டிறுதியில் ஜுவலுக்குள் கூடாரம் போட்டு உள்ளூர்க்காரர்கள் தங்கினார்கள். பறப்பே இல்லாமலும் ஒரு விமான நிலையம் இன்பமாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இருந்தாலும் எனக்கு ஒரு குறை. அருவியை யாரும் பார்க்கலாம், யாரோடும் பார்க்கலாம். பாய லேபார் மாடத்தில் நின்றவர்கள் ஒரே ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இன்று அந்தத் தேடல் குடிநுழைவுச் சோதனைக்கு முன்னால் இருக்கும் கண்ணாடியோடு முடிந்துவிடுகிறது. அம்மா இப்போதும் யாரையாவது வழியனுப்பினால், ஆள் மறைந்த பிறகும் ஐந்து நிமிடம் அங்கேயே நிற்பார். “வாங்கம்மா, போயிட்டாங்க,” என்று நான்தான் கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கும்.

ஒரு முனையத்தின் அளவை முடிவுசெய்ய உச்சநேரத்தில் வரும் பயணிகளின் எண்ணிக்கையிலிருந்து கணக்குப் போடுவார்கள். வழியனுப்ப வருபவர்களையும் கணக்கில் சேர்ப்பதுண்டு, எத்தனை சதுர மீட்டர் வேண்டும் என்று பார்ப்பதற்காக. அவர்களுக்கு எங்கிருந்து என்ன தெரியவேண்டும் என்பதற்கு அந்தக் கணக்கில் கட்டம் கிடையாது.

2025 மே மாதம் ஐந்தாம் முனையத்துக்கான கட்டுமானம் தொடங்கியது. ஆண்டுக்கு 50 மில்லியன் பயணிகளைக் கையாளப் போகிறதாம். அங்கேயும் நிச்சயம் தோட்டம் இருக்கும், நல்ல சாப்பாடு இருக்கும். கூடவே காற்று வருகிற ஒரு மாடம் இருந்தால் நன்றாக இருக்கும். சோதனைச் சாவடியைத் தாண்டியவர் உள்ளே நடந்துபோகும் வழியில், ஒரே ஓரிடத்தில், அந்த மாடத்துக்கு எதிரே நின்று திரும்பிப் பார்க்கும்படி ஒரு கண்ணாடிப் பாதை. கட்ட முடியாத விஷயம் ஒன்றும் இல்லை.

அன்றைக்கு அந்த அண்ணன் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று, “பிளேனு பின்னால தெரியிற மாதிரி ஒரு போட்டோ எடுங்க தம்பி,” என்றார். ஐந்தாறு முறை எடுத்தேன். எல்லாவற்றிலும் கண்ணாடியில் என் ஃபிளாஷ்தான் விழுந்தது. பரவாயில்லை என்று சொல்லி வாங்கிக்கொண்டார். விடிகாலை நான்கு மணிக்குப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனவர், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் ஒருமுறை திரும்பினார். வழியனுப்ப அவருக்கு அங்கே வேறு யாரும் இல்லை. நான் கையை உயர்த்தினேன்.