கொடி விழுந்தால் ஆட்டம் போச்சு!

செஸ்ஸில் ராஜா மாட்டிக்கொண்டால் தோல்வி. நேரம் தீர்ந்தாலும் தோல்விதான். இந்த இரண்டாவது தோல்வி எப்போது வந்தது தெரியுமா?

1851-ல் லண்டனில் நடந்த சர்வதேசப் போட்டியில் நேரக் கட்டுப்பாடே கிடையாது. எதிராளி வில்லியம்ஸ் யோசித்துக்கொண்டே இருந்ததில் ஸ்டாண்டன் நொந்து போனார். 1861-ல் ஆண்டர்சனும் கோலிஷும் மோதியபோது மணற்கடிகாரம் வந்தது: 2 மணி நேரத்தில் 24 நகர்த்தல்கள். 1883 லண்டன் போட்டியில்தான் இயந்திரக் கடிகாரம் வந்தது. தராசு போன்ற ஒரு சட்டத்தின் இரு முனையிலும் இரண்டு கடிகாரங்கள். ஒரு பக்கம் சாய்த்தால் ஒன்று நிற்கும், மற்றது ஓடும். அவ்வளவுதான்!

பிறகு பொத்தான்களும் சிறு கொடியும் சேர்ந்தன. 12-ஐ நெருங்கும் நிமிட முள் கொடியைத் தூக்கும், மணி ஆனதும் கொடி விழும். தேய்ந்த கொடி கொஞ்சம் முன்னதாக விழுந்தால்? ஜெயிக்க வேண்டியவர் தோற்றுவிடுவார்.

1992-ல் ஸ்பாஸ்கியோடு ஆடியபோது பிஷர், நகர்த்தலுக்கு நகர்த்தல் நேரம் கூட்டும் தன் டிஜிட்டல் கடிகாரத்தைப் பயன்படுத்தினார். சாவி கொடுக்கும் கடிகாரங்கள் மெல்லப் போட்டிகளை விட்டு விலகின. கிழக்கு ஜெர்மனியின் கார்டே, சோவியத் யூனியனின் யாந்தர் போன்றவை இன்று சேகரிப்பாளர்களின் அலமாரியில்.

பழையதை வாங்குபவர் பளபளப்பைப் பார்த்து ஏமாறக்கூடாது. இரண்டு பக்கத்தையும் ஒவ்வொரு மணி நேரம் ஓடவிட்டு, சரியான கடிகாரத்தோடு ஒப்பிட வேண்டும். கொடி எப்போது விழுகிறது என்றும் பார்க்க வேண்டும். காய்ந்த எண்ணெய் மேல் புது எண்ணெய் விட்டால் அழுக்குதான் சேரும். கடிகாரம் பழுது பார்ப்பவரிடம் பிரித்துச் சுத்தம் செய்வதே நல்லது.

அழகுக்காக வைத்தாலும் இரண்டு முகமும் ஒரே நேரம் காட்ட வேண்டும். அந்த நியாயத்துக்காகத்தானே அது பிறந்தது!