நீர் புகாமையும் ஓர் இடரே

பினாங்கு நகரத்துச் சூலியா தெரு, சோழமண்டலக் கரையினின்று கடல் கடந்து வந்த தமிழரால் பெயர் பெற்றது. 1786-இல் பிரான்சிஸ் லைட் அத்தீவில் கொடி நாட்டினார். ஏறத்தாழ ஆயிரம் சூலியர் அங்கே குடியிருந்தனர் என்றும், சோழமண்டலக் கலங்கள் ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 வரை ஆடவரைக் கொணர்ந்தன என்றும் அவரது 1794-ஆம் ஆண்டுக் குறிப்பு கூறும். அத்தனை பேரையும் கரை சேர்த்தது பருவக்காற்று. அதன் போக்கறிந்து கொண்டல் என்றும் கச்சான் என்றும் பெயரிட்டு வழங்கியவர் நம் கடலோடிகள்.

அத்தெருவில் நாகூர் ஆண்டவர் பெயரால் ஒரு தருகா உண்டு. ஓட்டை விழுந்து மூழ்கவிருந்த கப்பலை, அப்பெரியார் தொலைவிலிருந்தே கண்ணாடியை எறிந்து அடைத்துக் காத்தார் என்பது மரபுக் கதை. பாய்க்கலத்திற்குக் கடல்நீர் உட்புகுதலே பேரிடர். எந்திரக் கலத்திற்கோ, புக வேண்டிய நீர் புகாமையும் இடராயிற்று.

1845 ஆகஸ்டில் ‘லேடி மேரி உட்’ என்னும் நீராவிக் கப்பல் அஞ்சலுடன் பினாங்கு வழியே சிங்கப்பூர் சேர்ந்தது. அக்காலக் கப்பல்களிற் பல, கடல்நீரையே கொதிகலத்தில் காய்ச்சின. கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டன்றோ! நீர் ஆவியாக, உப்பும் சுண்ணப்படிவும் தகட்டில் ஏடு கட்டின. ஏடு தடித்த இடத்தில் வெப்பம் நீரைச் சேராது. தகடு பழுக்கக் காய்ந்து நெகிழும், சிலபோது வெடிக்கும். ஆகவே உவர்நீரை அடிக்கடி வெளியேற்றினர். விறகும் கரியும் வீணாயின. ஆவியைத் தனியறையில் குளிர்வித்து நன்னீராக மீட்கும் கருவிக்குச் சாமுவேல் ஹால் 1834-இல் காப்புரிமை பெற்றார். எனினும் அது பெருவழக்கானது 1860-களுக்குப் பின்னரே.

இன்று பாய்ப்படகின் வயிற்றில் உள்ள டீசல் எந்திரத்திற்கும் இதுவே கதை. எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே வேலையாகிறது. எஞ்சியதில் பெரும்பகுதியை நீரும் புகையும் கொண்டுபோக வேண்டும். எந்திரம் சூடேறினால் பலர் எந்திரத்தையே பழிப்பர். முதலில் நோக்க வேண்டியது புகைக்குழாய். புகையோடு நீர் வெளிவருகிறதா? வாராவிடில் குறை நீர்வழியில் உள்ளது. அடித்தள வால்வு திறந்துள்ளதா, வடிகட்டியில் பாசியோ பிளாஸ்டிக் பையோ சிக்கியுள்ளதா, பம்பின் பெல்ட் தளர்ந்துள்ளதா என முறையே காண்க. நீர் நன்கு வந்தும் சூடு தணியாவிடில் தெர்மோஸ்டாட்டையும், உட்சுற்று நன்னீரின் அளவையும், உப்பேறிய வெப்பமாற்றிக் குழாய்களையும் ஐயுறலாம். சுழல்விசிறியில் கயிறு சுற்றினாலும் பளு மிகுந்து சூடேறும். சூடாறுமுன் நன்னீர் மூடியைத் திறத்தல் ஆகாது. கொதிநீர் முகத்தில் பீறிடும்.

இதற்கிடையே படகு பாறையை நோக்கி ஒதுங்குமாயின் என் செய்வது? எந்திரத்தை நிறுத்திப் பாயை விரிக்க வேண்டும். காற்றில்லையேல் ஆழம் பார்த்து நங்கூரம் இட வேண்டும். சூலியர் கலத்துச் சிறுவனும் அறிந்திருந்த வித்தை இது. எந்திரம் வந்தபின் பாயைச் சுருட்டிவைத்து மறப்போர், பாதி மாலுமிகளே.

பம்பினுள் சுழலும் ரப்பர் இதழ்கள் நீரின்றிச் சில நிமிடம் ஓடினும் கருகி ஒடியும். புதிது பூட்டுமுன் ஒடிந்த துண்டுகளை எண்ணிச் சேர்த்துப் பார்த்தல் வேண்டும். ஒன்று குறையினும் அது குழாயின் வளைவில் கிடந்து மறுபயணத்தில் வழியை அடைக்கும்.